ஸ்பீக்கருக்கு ஏற்ற அறை

லூப்ளின், 14 செப்டம்பர் 2014

ரெனாட்டா,

தொலைபேசி வேண்டாம், எழுது என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுதுகிறேன். நான் நலம். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டு அம்மா உன்னை விசாரித்தாள். அக்கா வீட்டில் இருக்கிறாய், கடல் காற்று ஒத்துக்கொள்கிறது என்று சொல்லிவைத்தேன்.

ஒரு காரியத்துக்கு உன் சம்மதம் வேண்டும். ஓய்வு பெற்றதும் நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்குவேன் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிவந்தேன். ஓய்வு பெற்றாயிற்று, வாங்கப் போகிறேன். எதை வாங்குவது என்பதைவிட எங்கே வைப்பது என்பதுதான் தலைவலி. கூடத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மறுபக்கம் சமையலறைக்குள் திறக்கிறது. இடது ஸ்பீக்கர் ஜன்னலில் மோதும், வலது ஸ்பீக்கர் அடுப்புக்குப் பாடும். நம் படுக்கையறை சதுரம். சதுர அறையில் தாழ்ந்த சத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு முழங்கும்.

மிச்சம் இருப்பது மல்வினாவின் அறை. அதன் நீளமும் அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத அளவுகள். ஒலிக்கு அதுதான் வேண்டும். அவள் போன பிறகு அங்கே எதுவும் இடம் மாறவில்லை, இனியும் மாறாது. கட்டில் இருந்த இடத்தில் இருக்கும். சுவர் அலமாரியில் அவள் துணிகள் அப்படியே திரைக்குப் பின்னால் தொங்கும். ஜன்னல் பக்கம் இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் ஆம்ப்ளிஃபயர், அவ்வளவுதான்.

கடைக்காரன் ராடெக் இரண்டு வழி சொல்கிறான். ஒன்று, கனமான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரும் மூடிய சின்னப் பெட்டிகளும். இன்னொன்று, பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழல்கள் எரியும், எட்டே வாட் தரும் வால்வு ஆம்ப்ளிஃபயரும், அந்த எட்டு வாட்டிலேயே உயிர் பெறுகிற பெரிய பெட்டிகளும். நான் இரண்டாவதை நோக்கிச் சாய்ந்திருக்கிறேன்.

உன் பதிலைப் பார்த்துதான் மேற்கொண்டு எதுவும்.

போகுமில்


க்டினியா, 24 செப்டம்பர்

போகுமில்,

உன் கடிதத்தை இலோனா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "உன் புருஷன் ஸ்பீக்கர் பாக்கறானா, வீட்டுக்கு மருமகள் பாக்கறானாடி?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். பிறகு அவள் தூங்கப் போனதும் அதையே திரும்ப வாசித்தேன், சிரிப்பு வரவில்லை.

நீ கேட்கிற அறையைத்தான் நானும் ஒன்றரை வருடம் கேட்டேன். நம் மகளைப் புதைத்து வந்த பிறகு அந்த அறையிலிருந்து ஒரு செருப்பை வெளியே எடுக்க என்னை விட்டாயா? நான் அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிய அன்று நீ என்ன செய்தாய், நினைவிருக்கிறதா? கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இருவரும் அழுதிருப்போம், நான் அங்கேயே இருந்திருப்பேன். நீ ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்த ஹேங்கரில் இருந்ததோ அதே ஹேங்கரில் திரும்ப மாட்டினாய். திரையை இழுத்து மூடிவிட்டு, "சூப் ஆறுது" என்றாய். மறுநாள்தான் நான் ரயில் ஏறினேன்.

இப்போது வாரத்தில் மூன்று மாலை பெண்கள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். அடிபட்டு, அர்த்த ராத்திரியில் வீட்டை விட்டு ஓடிவந்த பெண்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பல் துலக்கும் பிரஷ். போன வாரம் வந்தவளுக்கு மல்வினாவின் உயரம். மேலே மெல்லிய சட்டை, வெளியே மழை. லூப்ளினில் ஒரு திரைக்குப் பின்னால் நான்கு கம்பளிக் கோட்டுகள் யாருக்கும் இல்லாமல் தொங்குவதை நினைத்துக்கொண்டே அவளுக்குத் தேநீர் போட்டேன்.

ஸ்பீக்கரை வைத்துக்கொள். அதற்குப் பதிலாக அந்தத் துணிகளைக் கொடு.

ரெனாட்டா


லூப்ளின், 10 அக்டோபர்

ரெனாட்டா,

துணிகளைத் தர முடியாது. இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதே. கான்கிரீட் பலகைச் சுவர்கள் ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். ஒரு சுவர் முழுக்கத் துணி தொங்குவதால்தான் அந்த அறை அடங்கியிருக்கிறது. ராடெக் உள்ளே வந்ததும் கையைத் தட்டிப் பார்த்தான். சத்தம் எழுந்து, அங்கேயே படுத்துக்கொண்டது. "இந்த மாதிரி ரூம் அமையறதுக்கு ஜனங்க தவம் கிடக்கறாங்க சார்" என்றான். திரையைக் காட்டி, பின்னால் என்ன என்று கேட்டான். சுவர் என்றேன்.

உன் நிபந்தனையை ஏற்காமலேயே ஸ்பீக்கரை வைத்துவிட்டேன். தப்புதான். பெரிய பெட்டிகள், என் மார்பு உயரம். லிஃப்டில் நுழையவில்லை. ராடெக்கும் நானும் ஆறு மாடி சுமந்தோம். ஆம்ப்ளிஃபயர் இப்போதைக்கு அவன் கடையிலிருந்து இரவல், சாதாரண டிரான்சிஸ்டர். பக்கத்து வீட்டு அம்மா இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓடும் வெப்பக் குழாயைக் கரண்டியால் தட்டினாள், கதவைத் திறந்து போனால், "சத்தத்துக்காகத் தட்டலப்பா, அந்தப் பாட்டை இன்னொருவாட்டி போடேன்" என்கிறாள்.

செல்லோ ஒன்று கேட்டேன். உனக்கு இதை எப்படிச் சொல்வது? இரண்டு வருடமாக எனக்குச் சாப்பாடு தெரிவதில்லை, குளிர் தெரிவதில்லை. யாராவது பேசினால் வாய் அசைவதுதான் தெரிகிறது. அந்தச் செல்லோ கேட்டபோது வில் நரம்பில் உரசுவது தெரிந்தது. வாசித்தவர் மூச்சு இழுத்தது தெரிந்தது. அழுகை வரவில்லை, சந்தோஷமும் இல்லை. தெரிந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு மாலையும் ஓர் இசைத்தட்டு கேட்கிறேன். அது ஓடி முடியும் வரை நான் ஓர் ஆளாக இருக்கிறேன். என்னிடம் வேறெதுவும் இல்லை.

நவம்பர் ஒன்றாம் தேதி, எல்லாரும் விளக்கேற்றும் நாளில், கல்லறைக்கு வருவாய் அல்லவா? விளக்குகளை நான் வாங்கிவைக்கிறேன். பதினான்காம் தேதி வார்சாவுக்குப் போகிறேன், ஒலிக் கண்காட்சி. அந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை அங்கே கேட்டுவிட்டு, பிடித்தால் கையோடு கொண்டுவருவேன்.

போகுமில்


க்டினியா, 4 நவம்பர்

போகுமில்,

ஊர் வந்து சேர்ந்தேன். கல்லறையைச் சுத்தமாக வைத்திருக்கிறாய், அதற்கு நன்றி. செவ்வந்தித் தொட்டிகளும் நன்றாக இருந்தன.

எல்லாக் குடும்பமும் விளக்கேற்றிவிட்டு ஏதோ பேசிக்கொண்டு நின்றது. நீ இலோனாவின் கணவரிடம் வால்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த மனிதர் பாவம், பொரித்த மீனைத் தவிர எதையும் அறியாதவர், தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நம் பெண் பெயர் வெட்டிய கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு எட்டு வாட் போதுமா என்று கேட்கிறான் ஒரு தகப்பன். உன் முகத்தைப் பார்த்தேன். திட்ட வாய் வரவில்லை.

வார்சாவுக்குப் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை எந்த ரயில் உனக்கு? ஞாயிறு இரவுதான் திரும்புவாயா?

ரெனாட்டா


லூப்ளின், 21 நவம்பர்

ரெனாட்டா,

போய்வந்தேன். வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கண்காட்சி நடந்த ஓட்டலின் ஓர் அறையில் கேட்டேன். ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒரு ஆள் இருமினான், கொலைகாரனைப் பார்ப்பதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண் குரல் ஒன்று வந்தது, அறைக்குள்ளேயே நின்று பாடுவதுபோல. இதுதான் என்று முடிவு செய்து, சோதித்துப் பார்க்க ஒன்றைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தேன்.

வீட்டில் அது கத்துகிறது. வேறு வார்த்தை தெரியவில்லை. வயலின் போட்டால் தட்டில் கத்தி உரசுகிறது. பாடகி 'ஸ' சொல்லும் இடமெல்லாம் பாம்பு சீறுகிறது. ராடெக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன். "புது வால்வு சார், பழகட்டும். ராத்திரி பகலா ஓட விடுங்க" என்றான். ஓட விட்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் அந்த அறையில் யாரும் கேட்காமல் ஒரு பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் குற்றவாளி யாரென்று தெரியாது. நான் ஒன்றைத்தான் மாற்றினேன். ஆகவே குற்றம் ஆம்ப்ளிஃபயருடையது.

போகுமில்


லூப்ளின், 30 நவம்பர்

ரெனாட்டா,

உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பழைய இரவல் ஆம்ப்ளிஃபயரை மாட்டினேன். அக்டோபரில் தேனாக இருந்த அதே ஆம்ப்ளிஃபயர். அதுவும் கத்துகிறது.

அப்படியானால் வால்வு என் ஸ்பீக்கரைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். ராடெக் வேறு ஸ்பீக்கர் கொண்டுவந்தான். அவையும் கத்தின. மின்சாரத்தின் மேல் சந்தேகம் வந்தது, கம்பிகளை மாற்றினேன். கடைசியில் காது டாக்டரிடம் போனேன். "உங்க வயசுக்கு இந்தக் காது ரொம்ப ஜாஸ்திங்க" என்று சிரித்து அனுப்பினார். ராடெக் மறுபடி வந்து, அறை நடுவில் நின்று கையைத் தட்டினான். முகம் மாறியது.

"சார், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் அப்படிச் சொல்றேன்னு நினைக்காதீங்க, ஆனா நிஜமாவே கூடம்தான் கோணல். ரூம்ல எதையாச்சும் மாத்தினீங்களா?"

"இந்த ரூம்ல ஒரு குண்டூசி நகரல. நீ கெட்ட சரக்கைக் கொடுத்துட்டு என் வீட்டைக் குறை சொல்றியா? வெளிய போ!"

போய்விட்டான். நல்ல பையன். எனக்காக ஆறு மாடி சுமந்தவன்.

நான் இப்போது அந்த அறைக்குப் போவதில்லை. கதவைச் சாத்திவிட்டேன். ஓர் இசைத்தட்டு ஓடி முடியும் வரை நான் ஓர் ஆளாக இருக்கிறேன் என்று எழுதினேனே, அது போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியாமல் போய்விட்டது. இரண்டாம் தடவை என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன், வேண்டாம், இருக்கட்டும்.

போகுமில்


க்டினியா, 5 டிசம்பர்

போகுமில்,

ராடெக்கிடம் போய் மன்னிப்புக் கேள். உன் ஆம்ப்ளிஃபயரில் குற்றமில்லை, ஸ்பீக்கரில் இல்லை, காதில் இல்லை. நீ வார்சாவில் இருந்த சனிக்கிழமை நானும் இலோனாவும் காரில் வந்தோம். சாவி என்னிடம் இருந்தது. திரைக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கோட்டுகள், உடுப்புகள், கம்பளிச் சட்டைகள், அடித்தட்டில் இருந்த போர்வைகள், எல்லாம். காப்பகத்தில் கொடுத்தாயிற்று. திரும்பி வராது.

திரையை முன்பு இருந்த மாதிரியே மூடிவிட்டு வந்தேன். அது ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். திருட்டுத்தனம் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ. படியில் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டாள். "வந்துட்டியாம்மா?" என்றாள். "இல்லம்மா, போறேன்" என்றேன். மூட்டையோடு நின்ற என் கன்னத்தை அவள் தடவினாள்.

ஞாயிறு இரவு நீ கூப்பிடுவாய் என்று தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கத்துவாய், நான் வாங்கிக்கொள்வேன், அதோடு ஏதாவது உடையும் என்று நினைத்தேன். கடிதம் வந்தது. வால்வு பழக வேண்டும் என்று இருந்தது. அடுத்ததும் வந்தது. அப்போதுதான் புரிந்தது. போகுமில், அன்று இழுத்து மூடிய பிறகு நீ அந்தத் திரையை ஒரு நாளும் விலக்கிப் பார்த்ததே இல்லை. எதற்காக என்னோடு சண்டை போட்டாயோ அதை இத்தனை நாளில் ஒரு தடவைகூட நீ பார்க்கவில்லை. உன் காதுதான் உனக்குச் சொல்லியிருக்கிறது, அதையும் நீ நம்பவில்லை.

நீ ஒன்றை மாற்றினாய். அதே நாட்களில் நான் ஒன்றை மாற்றினேன். கொடுத்ததற்கு வருந்தவில்லை. சொல்லாமல் செய்ததற்கு வருந்துகிறேன்.

ரெனாட்டா


லூப்ளின், 9 டிசம்பர்

ரெனாட்டா,

விலக்கிப் பார்த்தேன். ஹேங்கர்கள் இருக்கின்றன.

ராடெக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். காரணத்தைச் சொன்னேன். அவன் கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டு எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தான்.

வேறு எழுத இல்லை.

போகுமில்


லூப்ளின், 27 டிசம்பர்

ரெனாட்டா,

பண்டிகை கழிந்தது. பக்கத்து வீட்டு அம்மா பீட்ரூட் சூப்பும் காளான் கொழுக்கட்டையும் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாப்பிட்டேன்.

உன்னை மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை. நானே தேடிப் பார்த்தேன். கோபம் எங்கேயாவது இருக்கும், வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. செத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருக்கிறது.

பிறகு ஒரு காரியம் செய்தேன். என் துணிகளை எடுத்துப்போய் அங்கே மாட்டினேன். கோட்டு, சூட், வேலைக்குப் போட்டுக்கொண்டிருந்த தடித்த சட்டைகள். போதவில்லை. நீ விட்டுப்போன குளிர்காலத் துணிகளையும் மாட்டினேன், அடியில் நம் கம்பளங்களைச் சுருட்டி அடுக்கினேன். திரையை மூடினேன். உட்கார்ந்து அதே செல்லோவைப் போட்டேன்.

திரும்பி வந்துவிட்டது. அக்டோபரில் இருந்த மாதிரியே. வில், நரம்பு, மூச்சு எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வித்தியாசமாவது கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எந்தத் துணியானாலும் போதுமாம், ரெனாட்டா. கனமாக இருந்தால் சரி, யாருடையது என்று ஒலி கேட்பதில்லை. அவளுடையது என்பதால்தான் அந்த அறை அப்படி ஒலிக்கிறது என்று எனக்குள்ளே ஒரு மூலையில் நம்பியிருக்கிறேன். நாற்பது வருடம் பொறியாளனாக இருந்த ஒருவன். இசைத்தட்டு முடிந்த பிறகும் ஊசி சுற்றிக்கொண்டே இருந்தது, எழுந்து எடுக்கவில்லை.

வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திரும்ப வரவழைத்து வாங்கிவிட்டேன். பெரிய பெட்டிகளையும் வைத்துக்கொண்டேன். நல்ல ஜோடி. பொருத்தம் பார்த்ததில் தவறில்லை.

போகுமில்


க்டினியா, 11 ஜனவரி 2015

போகுமில்,

உன் கடிதத்துக்குப் பிறகு மூன்று நாள் நான் காப்பகத்துக்குப் போகவில்லை. நேற்றுப் போனேன். திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் மல்வினா நின்றுகொண்டிருந்தாள். பச்சைக் கோட்டு, பின்பக்கம் திரும்பி. தெரியும், நான் கொடுத்த கோட்டுதான், உள்ளே இருப்பது வேறு பெண். தெரிந்தும் அவள் ஏறிய பேருந்தில் ஏறினேன். என் வழி அது இல்லை. அவள் இறங்கும் வரை முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கும்போது திரும்பி, "என்னம்மா, வழி தெரியலையா?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றேன். எந்தப் பேருந்தில் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். நான் செய்தது சரி என்று அப்போதும் நினைத்தேன். அவள் சொன்ன பேருந்து வந்தது, ஏறாமல் நின்றேன்.

இலோனாவிடம் சொல்லவில்லை. வேறு யாரிடம் சொல்வது என்று யோசித்தால் உன்னைத் தவிர ஆள் இல்லை.

அந்தச் செல்லோவை எனக்கும் போட்டுக் காட்டுவாயா? எனக்கு இசை தெரியாது, உனக்கே தெரியும். மூச்சு இழுப்பது கேட்கிறது என்றாயே, அது மட்டும் கேட்டால் போதும். பிப்ரவரியில் அவள் நினைவு நாளுக்கு வருவேன், அப்போது வரட்டுமா? ஒரு மணி நேரம்தான். கட்டிலில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

ரெனாட்டா


லூப்ளின், 2 பிப்ரவரி

ரெனாட்டா,

கட்டிலில் உட்கார்ந்தால் ஒன்றும் கேட்காது. அது இடது ஸ்பீக்கருக்கு மிகவும் பக்கம். செல்லோ முழுக்க ஒரே பெட்டியிலிருந்து வரும், மூச்சு காணாமல் போகும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுக்கோட்டில் உட்கார்ந்தவருக்குத்தான் சரியாக விழும். அங்கே ஒரு நாற்காலிக்குத்தான் இடம். நீ அதில் உட்கார், நான் கதவருகே நிற்கிறேன் என்று முதலில் எழுத நினைத்தேன். எழுதி, கிழித்துப்போட்டேன்.

இரண்டு நாற்காலி போட வேண்டுமானால் கட்டில் இருக்க முடியாது. நாடா வைத்து எல்லாத் திசையிலும் அளந்து பார்த்தேன். வேறு வழி இல்லை.

சனிக்கிழமை ராடெக் உதவிக்கு வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். திருகாணிகள் துருப்பிடித்திருந்தன, எண்ணெய் விட்டுக் கழற்றினேன். சட்டங்களையும் மெத்தையையும் உன் காப்பகத்துப் பெண்கள் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டுச் சொல், அனுப்பிவைக்கிறேன். மெத்தையைத் தூக்கியபோது முதல் தடவையாக அழுதேன். பக்கத்து வீட்டு அம்மா குழாயைத் தட்டவில்லை.

நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நடுக்கோடு இரண்டுக்கும் இடையில் போகிறது, ஆகவே இரண்டு பேருக்கும் கொஞ்சம் தவறாகத்தான் கேட்கும். மெத்தை போனதில் அறை மறுபடி அதிர்கிறது, கை தட்டினால் சுவரிலிருந்து பதில் வருகிறது. முந்தின அளவுக்கு மோசமில்லை. மனித உடம்பும் ஒலியைக் குடிக்கும். இன்னும் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

ரயில் நேரத்தை எழுது. நிலையத்துக்கு வருகிறேன்.

போகுமில்